திருத்தத்தின் திருத்தம்: மூடாத இமைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஒரு சட்ட வாசகத்திலிருந்து தொடங்குகிறேன். தென்கொரியாவின் தேசிய மருத்துவக் காப்பீட்டு விதிகளில், எதற்கெல்லாம் காப்பீடு கிடையாது என்று பட்டியல் போடும் பின்னிணைப்பு ஒன்று உண்டு. உடலின் இன்றியமையாத செயல்பாட்டை மேம்படுத்தும் நோக்கம் இல்லாத சிகிச்சைகள் அதில் வருகின்றன. அழகு அறுவை பற்றிய உட்பிரிவு இரட்டை இமை அறுவையைப் பெயர் சொல்லித்தான் தொடங்குகிறது. பிறகு மூக்கு, மார்பகம், கொழுப்பு உறிஞ்சல், சுருக்கம் நீக்கல். வாசகம் இதோடு முடிந்திருந்தால் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முடியவில்லை. அந்த அறுவைகளால் உண்டாகும் பின்விளைவுகளுக்கான சிகிச்சையும் கிடையாது என்ற பொருளில் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த வாலைத்தான் இங்கே வாசிக்க விரும்புகிறேன். காரணம் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் 'உடலும் அதிகாரமும்' என்ற தலைப்பில் பேசினேன். நாமெல்லாம் பேசுகிற மாதிரிதான் பேசினேன். ஃபனானின் 1952ஆம் வருடத்துப் புத்தகத்தைச் சொல்லி, கறுப்புத் தோல்மீது படியும் வெள்ளை முகமூடியைச் சொல்லி, உதாரணத்துக்குக் கொரியப் பெண்களின் இமையை எடுத்துக்கொண்டேன். காலனியம் மண்ணை விட்டுப் போன பிறகு முகத்தில் குடியேறிவிட்டது என்றேன். கை தட்டினார்கள். கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒரு தோழர் கேட்டார். கண் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருப்பவர். "எல்லாம் சரி தோழர். ஆபரேஷன் சரியா வராம, ராத்திரி கண்ணு முழுசா மூடாமப் போச்சே ஒருத்திக்கு, அவ மறுபடி டாக்டர்கிட்ட போய் நின்னா அதுவும் முகமூடிதானா? இல்ல, சொட்டு மருந்து ஊத்திக்கிட்டு உங்களுக்கு உதாரணமா இருக்கட்டும்னு சொல்றீங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அமைப்பு, சந்தை என்று ஏதோ இழுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே டீ கிளாஸைக் கழுவும் வாளிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகுதான் மேற்படிச் சட்ட வாசகத்தின் பொருளை அறிந்தேன். 'நீயாகத் தேடிக்கொண்டது, நீயே அனுபவி' என்கிறது அந்த வாசகம். நான் மேடையில் பேசியதும் வேறு சொற்களில் அதேதான். அரசின் சொல்லாடலும் எதிர்ப்பின் சொல்லாடலும் ஒரு பெண்ணின் இமைக்கு முன்னால் வந்ததும் எப்படி ஒரே தீர்ப்பைச் சொல்கின்றன? இந்தக் கட்டுரையின் கேள்வி இவ்வளவுதான்.

2

இமை அறுவையின் வரலாறு நாம் நினைப்பதுபோல ஒரே நேர்கோட்டில் போவதில்லை. 'பிளெஃபரோபிளாஸ்டி' என்ற பெயர் 1818இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிராஃபே வைத்தது. புற்றுநோய் தின்ற இமையை மீண்டும் கட்டி எழுப்பும் வேலைக்கு அவர் கொடுத்த பெயர் அது. அதாவது சொல் பிறந்தபோது அதன் பொருள் பழுதுபார்த்தல்.

1896இல் ஜப்பானில் மிகாமோ என்ற மருத்துவர் இமையில் மடிப்பு உண்டாக்கும் முறையை எழுதி வெளியிட்டார். பட்டு நூலால் மூன்று தையல். இரட்டை இமை அறுவையின் முதல் பதிவு இதுதான் என்று மருத்துவ வரலாறு சொல்கிறது. நம்மில் பலரும் (நானும்தான்) இதை 'மேற்கை நகலெடுத்த' கதையாகவே வாசித்துவிட்டோம். ஆனால் மிகாமோவின் நோயாளிக்கு ஒரு கண்ணில் மடிப்பு பிறவியிலேயே இருந்தது. இன்னொரு கண்ணில் இல்லை. அவர் செய்தது, அந்தப் பெண்ணின் ஒரு கண்ணை அவளுடைய மற்றொரு கண்போல ஆக்கியது. கிழக்காசியர்களில் கணிசமானவர்களுக்கு மடிப்பு பிறவியிலேயே உண்டு என்பதை நினைவில் வைத்தால், 'வெள்ளைக் கண்' என்கிற ஒற்றை விளக்கம் எவ்வளவு சோம்பேறித்தனமானது என்பது தெரியும். முதல் அறுவையே இரண்டு கண்களின் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத்தான் நடந்தது. இன்றைக்கு அந்த அறுவை உண்டாக்கும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய இன்னொரு அறுவை ஒரு தனித்துறையாக வளர்ந்திருக்கிறது.

இதனால் காலனியத்துக்குப் பங்கில்லை என்று சொல்ல வரவில்லை. கொரியப் போர் 1953இல் போர்நிறுத்தத்தில் முடிந்தபின் அமெரிக்க ராணுவத்தோடு அங்கே போனவர் ரால்ஃப் மில்லார்டு என்ற ஒட்டறுவை மருத்துவர். போரில் சிதைந்தவர்களைச் சரிசெய்வதற்காகப் போனவர், கொரியக் கண்களை 'வட்டமாக்கும்' அறுவைகளும் செய்து, அதைப் பற்றி 1955இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அவர் அறுத்தவர்களில் ஒரு மொழிபெயர்ப்பாளரும் உண்டு. தன் கண்ணைப் பார்த்து அமெரிக்கர்கள் தன்னை நம்பாமல் போகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஆக்கிரமிப்பாளனின் மொழியைப் பேசியே பிழைப்பவன், அவன் பார்வைக்கு ஏற்றபடி தன் பார்வையைத் தைத்துக்கொள்கிறான். ஃபனானுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

ஆனால் அதே மில்லார்டு, அதே கொரியாவில், பிளவுபட்ட உதட்டைச் சேர்க்கும் ஒரு புது முறையையும் உருவாக்கினார். உலகெங்கும், நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும், அன்னப் பிளவோடு பிறந்த குழந்தைகளின் உதட்டைத் தைப்பதற்கு அந்த முறைதான் இன்றும் ஓர் அடிப்படை. ஒரே கை, ஒரே கத்தி. ஒன்று பழுதுபார்க்கிறது, இன்னொன்று திருத்துகிறது. இரண்டையும் பிரிக்கிற கோடு எங்கே ஓடுகிறது என்பதை மருத்துவமும் தெளிவாகச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

தமிழில் 'திருத்தம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிழை இருக்கிறது என்று முதலில் ஒருவன் முடிவு செய்த பிறகே திருத்தம் வரும். காட்டைத் திருத்துவது, பரீட்சைத் தாளைத் திருத்துவது, பையனைத் திருத்துவது என்று எல்லாவற்றிலும் திருத்துகிறவன் மேலே நிற்கிறான். பழுதுபார்ப்பவன் அப்படியில்லை. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவன், நீ ஏன் இந்த வழியாக வந்தாய் என்று கேட்பதில்லை. முள்ளை எடுத்துவிட்டு ஒட்டுகிறான்.

3

உண்மையில் இமையில் என்னதான் கெட்டுப்போகிறது? கோட்பாட்டுக் கட்டுரைகளில் 'உடல்' என்ற சொல் ஐம்பது தடவை வரும், ஒரு தசையின் பெயரும் வராது. உடல் அரசியல் பேசுகிறவர்கள் உடலைக் கொஞ்சம் பார்க்கவும் வேண்டும்.

மேல் இமையைத் தூக்குவதற்கு உள்ளே ஒரு தசை இருக்கிறது. அதன் முனையிலிருந்து மெல்லிய இழைகள் தோலோடு ஒட்டியிருந்தால், கண் திறக்கும்போது தோல் உள்ளே இழுபட்டு மடிப்பு விழும். ஒட்டியிராவிட்டால் மடிப்பு விழாது. இரட்டை இமைக்கும் ஒற்றை இமைக்கும் வேறுபாடு இந்த ஒட்டுதான். தசைக்கு முன்னால் மெத்தைபோலக் கொஞ்சம் கொழுப்பு உண்டு. இமையின் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. அறுவை என்பது தையலாலோ வெட்டாலோ செயற்கையாக ஒரு தழும்பை உண்டாக்கி, அந்தத் தழும்பால் தோலைத் தசையோடு ஒட்டவைப்பது. அழகு என்று விற்கப்படுவது சரியான இடத்தில் உட்கார்ந்த ஒரு தழும்பு.

தழும்பு சரியான இடத்தில் உட்காராவிட்டால் கதை கந்தலாகிவிடுகிறது. ஒட்டு சில மில்லிமீட்டர் மேலே போனால் மடிப்பு கண்ணை விட்டு உயர்ந்து, எப்போதும் திகைத்துப் பார்ப்பதுபோல ஆகிவிடும். ஒரு பக்கம் தளர்ந்துவிட்டால் மடிப்பு மறைந்து கண்கள் ஏறியும் இறங்கியும் நிற்கும். தூக்கும் தசை அடிபட்டால் இமை தொங்கும். தோலை அதிகம் வெட்டிவிட்டால் கண் முழுவதும் மூடாது. இதற்கு மருத்துவம் வைத்திருக்கும் கிரேக்கப் பெயரின் பொருள் 'முயல் கண்'. முயல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். முயலுக்கு அது கதை. இவளுக்கு ராத்திரி விழி காய்ந்து, உறுத்தி, கருவிழியில் புண் வரைக்கும் போகக்கூடிய விஷயம்.

கொழுப்பை அதிகம் எடுத்துவிட்டால் இமை குழிந்துவிடும். புருவ எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்து, இளம்பெண்ணின் கண் நோய்வாய்ப்பட்ட முதியவரின் கண்போல ஆகிவிடும். முன்பெல்லாம் இமைக் கொழுப்பைத் தாராளமாக எடுப்பது வழக்கமாக இருந்தது. பிறகுதான், முடிந்தவரை அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற இடத்துக்கு மருத்துவம் வந்தது. வயது ஏற ஏறப் பலருக்கும் அந்தக் கொழுப்பு தானாகவே குறைகிறது என்பதால், இருபதில் எடுத்தது நாற்பதில்தான் முழுவதும் தெரியவரும். திருத்தியவனுடைய கருத்து மாறிவிட்டது, திருத்தப்பட்டவளின் பள்ளம் அப்படியே இருக்கிறது.

மறுதிருத்தம் முதல் அறுவையைவிடக் கடினமானது. தழும்பு முதிர்ந்து இளகுவதற்காகப் பொதுவாக ஆறு மாதமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். கண் மூடாமல் கருவிழிக்கு ஆபத்து என்றால் மட்டும் அவசரம். பிறகு பழைய ஒட்டைப் பிரித்து, அது மறுபடி ஒட்டிக்கொள்ளாதபடி நடுவில் கொழுப்பையோ வேறு திசுவையோ வைத்து, கீழே புதிதாக ஓர் ஒட்டு போட வேண்டும். குழிந்த இடத்தை நிரப்ப வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை எடுத்துவந்து வைக்கிறார்கள். அதில் எவ்வளவு உயிர் பிடிக்கும், எவ்வளவு கரைந்துபோகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஹயலூரானிக் அமிலத்தை ஊசியால் நிரப்புவதும் உண்டு. அரிதாக, ஊசி வழியே போகும் கொழுப்போ நிரப்பியோ ரத்தக் குழாய்க்குள் நுழைந்து, விழித்திரைக்குப் போகும் ஓட்டத்தை அடைத்துப் பார்வையையே பறித்துவிடும். வெட்டி எடுத்த தோலைத் திரும்பக் கொண்டுவர, உடம்பின் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது தவிரப் பெரும்பாலும் வழியில்லை. அந்த ஒட்டு நிறத்திலும் தடிப்பிலும் தனியாகத் தெரியும்.

ஏறி இறங்கிய கண்களில் இன்னொரு சிக்கல். ஹெரிங் என்ற ஜெர்மானிய உடலியலாளரின் பெயரால் ஒரு விதி உண்டு. இரண்டு கண்களுக்கும் மூளை சமமான கட்டளையைத்தான் அனுப்பும். ஒரு இமை தொங்கினால் மூளை அதிகம் முயன்று தூக்கப் பார்க்கும், அந்த முயற்சியில் மற்ற இமையும் உயர்ந்து நிற்கும். தொங்கியதை மருத்துவர் தூக்கி வைத்ததும் மூளை முயற்சியைத் தளர்த்தும். அதுவரை சரியாக இருந்த இமை இறங்கிவிடும். ஒன்றைத் திருத்தினால் தவறு மற்றொன்றுக்குப் போகிறது. சமச்சீர் என்பது ஒரு கண்ணில் இருக்கும் விஷயமில்லை, இரண்டுக்கும் இடையிலான உறவு. அதனால்தான் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, நடுவில் நிறுத்தி, "எழுந்து உட்காருங்க, நேராப் பாருங்க" என்று சொல்லி அளக்கிறார்கள். ஊசியின் வீக்கமும், மருந்தோடு சேர்க்கும் அட்ரினலின் இமையைச் சற்றே உயர்த்திவிடுவதும் அந்த அளவையும் குழப்பும்.

ஆக, நல்ல கையிலும் இது தவறலாம். மருத்துவத்தின் உள்ளேயே இருக்கும் இந்த நிச்சயமின்மையை விளம்பரம் சொல்வதில்லை. சியோலின் காங்னம் பகுதியில் இந்தக் கிளினிக்குகள் தெருத்தெருவாக இருக்கின்றன. அங்கே 'மறுஅறுவை' என்பதே தனிச் சிறப்பாக விளம்பரப்படுத்தப்படுகிறது. தோல்வியும் சந்தைக்குள்ளேயே ஒரு புதிய சரக்கு. கெடுத்தவனும் சம்பாதிக்கிறான், கெட்டதைச் சரிசெய்கிறவனும் சம்பாதிக்கிறான். இரண்டு பேருக்கும் அவளே தருகிறாள். இதற்கு மேல், காப்பீடு கிடையாது என்று பெயர் சொல்லப்பட்ட அதே அறுவைகளுக்கு 2011 ஜூலை முதல் கொரிய அரசு 10 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் போட்டது.

4

இப்போது மறுஅறுவைக்கு வந்து நிற்கும் பெண்ணிடம் மருத்துவம் எப்படிப் பேசுகிறது?

ஃபூக்கோ 1963இல் மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி எழுதியபோது, மருத்துவப் பார்வை நோயாளியின் பேச்சைத் தாண்டி உடலுக்குள் நேரடியாக நுழைவதைக் காட்டினார். இங்கே அது தலைகீழாகிறது. உடலில் குறை கண்ணுக்குத் தெரிகிறது, மருத்துவம் பேச்சுக்குள் நுழைந்து மனதைத் தேடுகிறது. 'திருப்திப்படாத நோயாளி', 'யதார்த்தமற்ற எதிர்பார்ப்பு' என்ற சொற்கள் வருகின்றன. தன் தோற்றத்தில் இல்லாத குறையை இருப்பதாகக் கருதி வதைபடும் நிலை ஒன்றை, அமெரிக்க உளமருத்துவக் கையேடு 1987இல் தனி நோயாகப் பெயரிட்டது. அது உண்மையான துன்பம்தான். அப்படித் துன்பப்படுகிறவரை மறுபடி மறுபடி அறுக்காமல் இருக்க அந்த வகைப்பாடு உதவவும் செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வகைப்பாட்டைக் கெட்டுப்போன இமையோடு வந்தவள்மீது அலட்சியமாக வீசினால், குறை கத்தியிலிருந்து அவள் மண்டைக்குள் இடம்மாறிவிடும். முதல் தடவை 'உன் இமையில் குறை இருக்கிறது' என்று காசு வாங்கிய சொல்லாடல், இரண்டாம் தடவை 'குறை உன் மனதில் இருக்கிறது' என்கிறது. முதல் தடவை அவள் பார்வையை நம்பியவர்கள் இரண்டாம் தடவை நம்புவதில்லை.

'இன்றியமையாத செயல்பாடு' என்ற சட்டத் தொடரையும் இங்கே வைத்துப் பாருங்கள். மூடாத கண் செயல்பாட்டுக் குறை என்பதை யாரும் ஒத்துக்கொள்வார்கள். சட்டத்தின் ஒரு பகுதி அதை உள்ளே இழுக்கிறது, 'பின்விளைவு' என்ற வால் அதை வெளியே தள்ளுகிறது. வாசகம் தன்னோடு தானே மல்லுக்கட்டும் இடம் அது. குழிந்த இமை? அது பெரும்பாலும் பார்வையைக் கெடுப்பதில்லை. அதனால் 'வெறும் தோற்றம்' ஆகிவிடுகிறது. ஆனால் தினமும் பத்துப் பேர், "உடம்பு சரியில்லையா? ராத்திரி தூங்கலையா?" என்று கேட்கிற முகத்தோடு வேலை தேடுவது செயல்பாட்டுக் குறையா இல்லையா? வேலைக்குத் தேவையில்லாத முகத்தோற்றம், உயரம், எடை முதலிய விவரங்களை விண்ணப்பத்தில் கேட்கக் கூடாது என்று 2019இல் கொரியாவில் சட்டம் போட வேண்டியிருந்தது. முகத்துக்குக் கூலி உண்டு என்பதை அரசே ஒத்துக்கொண்ட ஆவணம் அது. ஒரு சட்டம் முகத்தை வேலைச்சந்தையின் பிரச்சனை என்கிறது. மற்றொரு விதி அதே முகத்தை அவளுடைய சொந்த ஆசை என்கிறது.

5

நம் பக்கம் என்ன நடந்தது?

1990களின் பெண்ணிய விவாதத்தைத் திரும்பிப் பார்க்கிறேன். 1991இல் காத்ரின் பாலி மோர்கன், அழகு அறுவை விருப்பத்தேர்வுபோலத் தோன்றினாலும் அது இணங்கிப்போதலே என்று எழுதினார். மறுப்பதையும், வேண்டுமென்றே 'அசிங்கமாவதையும்' எதிர்ப்பின் வழிகளாகச் சொன்னார். 1993இல் யூஜீனியா கா, அமெரிக்காவில் ஆசிய வம்சாவளிப் பெண்களிடம் பேசி, மடிப்பில்லாத கண்ணை மந்தம், தூக்கம், உணர்ச்சியின்மை என்று வாசிக்கும் இனவாதம் எப்படி மருத்துவ மொழியாக மாறுகிறது என்று காட்டினார். 1995இல் கேத்தி டேவிஸ், நெதர்லாந்துப் பெண்களை முன்வைத்து, இவர்கள் ஏமாளிகளல்லர், வலியோடு கணக்குப் போட்டு முடிவெடுப்பவர்கள் என்று எதிர்வாதம் வைத்தார்.

மூன்றும் முக்கியமான பிரதிகள். இவற்றிலிருந்து எழுந்த விவாதமோ பெரும்பாலும் ஒரே தருணத்தையே சுற்றிச்சுற்றி வந்தது: கத்திக்கு முன்னால் அவள் முடிவெடுக்கும் தருணம். அவள் சுதந்திரமானவளா, ஏமாந்தவளா? இந்தக் கேள்விக்குள் நாம் முப்பது வருடம் குடியிருந்துவிட்டோம். கத்திக்குப் பின்னால் இருக்கிற நாற்பது வருடத்துக்கு நம்மிடம் சொல் இல்லை. 'ஏமாந்தவள்' என்றால் அவளுக்கு உணர்வூட்ட வேண்டும், சிகிச்சை அல்ல. 'சுதந்திரமானவள்' என்றால் விளைவு அவள் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் இமை மூடவில்லை.

அதே காலத்தில், 1990க்கும் 1993க்கும் இடையில், ஓர்லான் என்ற பிரெஞ்சுக் கலைஞர் தன் முகத்தின்மீது வரிசையாக அறுவைகள் செய்துகொண்டு அவற்றையே நிகழ்த்துகலை ஆக்கினார். நியூயார்க்கில் நடந்த ஒன்று செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பானது. அழகின் இலக்கணத்தைக் கலைக்கும் முகம் என்று நம் கோட்பாட்டாளர்கள் கொண்டாடினார்கள். கொண்டாடட்டும். ஆனால் தன் கோணலைத் தானே தேர்ந்த கலைஞரின் முகம் 'பிரதி' ஆகிறது. விரும்பாமல் கோணலானவளின் முகம் 'கேஸ்' ஆகிறது. அவளிடம் போய், உன் ஏற்றத்தாழ்வு ஒரு கலகம், அதை வைத்துக்கொள் என்று சொல்வது நம்முடைய அழகியல் தேவைக்காக அவளைக் காட்சிக்கு வைப்பது.

நானும் அன்று மேடையில் அதைத்தான் செய்தேன். அதில் வேறொரு அழுக்கும் இருந்தது. இடுங்கின கண், சப்பை மூக்கு என்று வடகிழக்கிலிருந்து நம் ஊருக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளைக் கேலி செய்கிற தமிழ்க் கண்தான் என்னுடையதும். 'அவர்கள் ஏன் தங்கள் கண்ணை வெறுக்கிறார்கள்?' என்று உருக்கமாகக் கேட்டேன். அந்தக் கண்ணை வெறுக்கக் கற்றுக்கொடுப்பவர்களில் நாமும் உண்டு என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

6

அப்படியானால் விமர்சனத்தைக் கைவிடுவதா? கூடாது. அழகுத் தொழிலை எதிர்ப்பதும், அதனால் காயப்பட்டவளின் பழுதுபார்க்கும் உரிமைக்காக நிற்பதும் முரண் என்று யார் சொன்னது? சாராயக் கடையை மூடு என்று போராடுகிறவர்கள், குடித்துக் கல்லீரல் கெட்டவனுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுக்காதே என்று சொல்வதில்லை.

இந்த விஷயத்தில் கோட்பாட்டைவிட முன்னால் போனவர்கள் கொரியாவில் இருக்கிறார்கள். பெயர் பெற்ற மருத்துவர் ஆலோசனை சொல்லிவிட்டு, மயக்கம் கொடுத்த பிறகு வேறு யாரோ வந்து அறுக்கும் 'பேய் அறுவை'களுக்கு எதிராகப் பாதிக்கப்பட்டவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் போராடினார்கள். மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பை மீறி 2021 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. நோயாளி நினைவிழந்த நிலையில் அறுவை நடக்கும் அறைகளில் கேமரா வைக்க வேண்டும், நோயாளியோ காப்பாளரோ கேட்டால் பதிவு செய்ய வேண்டும் என்பது 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கண்காணிப்புக் கேமரா என்றதும் நமக்கு உடனே ஃபூக்கோவின் சிறைக்கோபுரம் ஞாபகம் வரும். ஆனால் இங்கே பார்க்கப்படுகிறவன் கத்தி வைத்திருப்பவன், பார்க்கக் கேட்கிறவள் மேஜையில் கிடப்பவள். எந்த எந்திரமும் யார் கையில் என்பதைக் கேட்காமல் அதற்கு அர்த்தம் சொல்ல முடியாது.

2018இல் கொரிய இளம்பெண்கள் 'கச்சையை உதறு' என்ற இயக்கத்தில் அழகுசாதனங்களை நொறுக்கினார்கள், முடியை ஒட்ட வெட்டினார்கள். மிகப் பெரிய மறுப்பு அது. என்றாலும் முடி வளரும், எடுத்த கொழுப்பு வளராது. மறுத்தவளோடு மட்டும் கைகோர்க்கிற அரசியல், மறுக்க முடியாமல் போனவளையும் மறுப்பதற்குள் அறுபட்டவளையும் வாசலில் நிறுத்திவிடும்.

ஆகவே சில விஷயங்களை வெளிப்படையாகக் கேட்போம். பின்விளைவுச் சிகிச்சையை மறுக்கும் அந்த வாலை வெட்ட வேண்டும். மறுஅறுவையின் செலவு கெடுத்த தொழிலிடமிருந்து வசூலாக வேண்டும். அழகு அறுவைக்கு வசூலிக்கும் வரிப் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவது ஒன்றும் புரட்சி இல்லை, சாதாரணக் கணக்கு. முதல் அறுவைக்கு முன்னால், என்ன கெடலாம், கெட்டால் எதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதை நோயாளியின் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அறுவையின் முழுக் குறிப்பும், எவ்வளவு தோல், எவ்வளவு கொழுப்பு எடுத்தார்கள் என்பதும் அவள் கையில் இருக்க வேண்டும். இது இல்லாமல் இரண்டாவது மருத்துவர் பாதி இருட்டில்தான் வேலை செய்கிறார்.

பழுதுபார்த்தலுக்கும் திருத்தத்துக்கும் இடையே கோடு தெளிவாக விழாது என்பது எனக்குத் தெரியும். மூடாத கண் பழுது என்றால், குழிந்த கண்? ஒரு மில்லிமீட்டர் ஏறி நிற்கும் மடிப்பு? எங்கே நிறுத்துவது? இந்தக் கேள்வியை மேடையில் நின்று நானோ, பின்னிணைப்பில் உட்கார்ந்து அரசோ முடிவு செய்யக் கூடாது என்பதுவரை மட்டுமே எனக்கு நிச்சயம். அவளுக்குத் தகவல் வேண்டும், நேரம் வேண்டும், 'போதும், இனி அறுக்க வேண்டாம்' என்று லாபக் கணக்கு இல்லாமல் சொல்லக்கூடிய ஒரு மருத்துவர் வேண்டும். அதற்குப் பிறகு அவள் முடிவு செய்யட்டும்.

கண்ணை இமை காப்பதுபோல என்று நாம் சொல்வது யாரோ ஒருவர் இன்னொருவரைக் காப்பதைப் பற்றி. இமைக்கே ஒன்று ஆகிவிட்டால் யார் காப்பது என்று அந்தப் பழமொழி கேட்கவில்லை. டீக்கடையில் அந்தத் தோழர்தான் கேட்டார். என் பழைய உரையை எங்காவது யாராவது வைத்திருந்தால், கொரியப் பெண்களின் இமை பற்றிய அந்தப் பத்தியை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.